இடது கையில் ஊர்ந்த எறும்புகள்

"எறும்பு" என்று என் கணவர் முதல் தடவை சொன்னபோது நான் படுக்கை விரிப்பை உதறிப் பார்த்தேன். தலையணையைத் தூக்கினேன். மெத்தையின் ஓரம், கட்டில் கால், சுவரோரம் எல்லாம் பார்த்தேன். ஓர் எறும்புகூட இல்லை.

"எங்கங்க?"

"இடது கைல. ஊருது."

மூச்சு மிஷினின் முகமூடியை நான் விலக்கியிருந்தேன்; அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு இரைத்தது. நான் கையைத் தடவிக் கொடுத்துவிட்டு முகமூடியைத் திரும்ப மாட்டினேன்.

அப்போது நாங்கள் ஸ்ரீரங்கத்தில் கோயிலுக்கு வடக்கே ஒரு தெருவில் மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். அவர் இருபது வருஷத்துக்கு மேல் டவுன் பஸ் ஓட்டியவர். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம், திரும்பச் சத்திரம். முதலில் கியர் போடும் இடது கைதான் சோர்ந்தது. ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டு வலது கையால் இடது கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார் என்று கண்டக்டர்கள் பின்னால் சொன்னார்கள். பிறகு கால்கள் தளர்ந்தன. பேச்சு குழறியது. தில்லைநகரில் பார்த்த நரம்பு டாக்டர் நோயின் பெயரை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, தமிழில் நிதானமாகச் சொன்னார்: "அசைவுதாம்மா போகும். புத்தி போகாது. தொட்டா தெரியறது போகாது."

தொட்டால் தெரிவது போகாது என்று அவர் சொன்னதை நான் பிறகு எத்தனையோ முறை நினைத்துக்கொண்டேன்.

ஒன்றரை வருஷத்தில் அவரால் கையைத் தூக்க முடியவில்லை. நெஞ்சுத் தசைகளும் தளர்ந்ததால் மூச்சு விடவே துணை தேவைப்பட்டது. நான் பாலக்கரையில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நீண்ட லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தேன். மருத்துவச் சாமான்களை வாடகைக்கு விடும் ஒருவர் இரண்டு மிஷின்கள் கொண்டுவந்து வைத்தார். ஒன்று மூச்சு மிஷின், வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டி. இன்னொன்று சளி உறிஞ்சும் மிஷின். அவரால் இருமித் துப்ப முடியாது. தொண்டையில் எச்சிலோ சளியோ தேங்கினால் உடனே குழாயை வாயில் விட்டு எடுக்க வேண்டும். அது கைப்பிடி வைத்த இரும்புப் பெட்டி. கொஞ்சம் பழையது.

"ரெண்டுமே பேட்டரி மிஷின் மேடம். கரண்ட் போனாலும் ஓடும். ஆனா எப்பவும் ப்ளக்லயே போட்டு வைங்க, சார்ஜ் ஏறிக்கிட்டே இருக்கட்டும்" என்றார் வாடகைக்காரர்.

அப்படியே செய்தேன். சளி மிஷினைக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்க வேண்டும் என்பதற்காக, கட்டிலின் இடது பக்கத்து இரும்புத் தடுப்பில் அதன் கைப்பிடியை மாட்டித் தொங்கவிட்டேன். அவருடைய இடது முழங்கை அந்தத் தடுப்பின் மேல் சாய்ந்திருக்கும். கட்டிலின் வலது பக்கம் ஜன்னல். தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று நான்தான் கட்டிலை ஜன்னலோரம் தள்ளிப் போடச் சொன்னேன். காலையில் பல் துலக்கிவிட்டு முகம் துடைத்ததும், அவருடைய வலது கையைத் தூக்கி ஜன்னல் கம்பியைப் பிடித்த மாதிரி வைத்துவிடுவேன். இரும்புக் கம்பி குளிர்ச்சியாக இருப்பது அவருக்குப் பிடிக்கும். ஸ்டியரிங் பிடித்த கை, எதையாவது பிடித்துக்கொண்டிருக்கட்டும் என்று எனக்கும் தோன்றும்.

எறும்பு பற்றி டாக்டரிடம் போனில் கேட்டேன். "தசை துடிக்கும்மா. சில பேருக்கு ஊர்ற மாதிரி, குத்தற மாதிரி தோணும். இந்த நோய்ல சகஜம். பயப்படாதீங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த அறையில் என்ன இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நான் வந்து இவரிடம் சொன்னேன். "நோயோட குணம்தானாங்க. போகப் போகச் சரியாயிடுமாம்." போகப் போக என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் தலையாட்டுவதற்குப் பதிலாக ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார்.

மூன்று வாரம் இப்படிப் போனது. தினமும் சொல்வார். நான் தைலம் தேய்ப்பேன். வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுப்பேன். ஈரத்துணி வைத்தால் அவர் முகம் சுளிப்பார். "சுடுதாங்க?" என்றால் இல்லை என்பார். சொல்லிப் பயனில்லை என்று ஒருநாள் சொல்வதையே நிறுத்திவிட்டார். அது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

நடுவில் ஒருநாள், மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை மின்சாரம் நிறுத்தியிருந்தார்கள். மூச்சு மிஷினின் திரையில் பேட்டரிக் கோடுகள் நான்கு. அவை மூன்றாகி, பிறகு இரண்டாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டே காலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். சாப்பிடக்கூட எழவில்லை. நல்லவேளையாக, சொன்ன நேரத்துக்கு முன்பே, மத்தியானமே கரண்ட் வந்துவிட்டது. எனக்கு உயிர் வந்தது. அப்போதுதான் அவர் முகமூடியை எடுக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்.

"வந்துடுச்சு."

"ஆமாங்க, கரண்ட் வந்துடுச்சு."

"எறும்பு. காலைலேர்ந்து... இல்ல. இப்ப வந்துடுச்சு."

"எல்லாம் மனசுதாங்க" என்றேன்.

அடுத்த வாரத்தில் ஒரு காலை. அவருக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தேன். நோய்த்தொற்று ஆகாமலிருக்க வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டே நடப்பது என் பழக்கமாகிவிட்டிருந்தது. அன்று வாளியைத் தூக்கிவரும்போது செருப்பின் வார் அறுந்தது, தண்ணீர் தளும்பித் தரையில் கொட்டியது. செருப்பை உதறிவிட்டு, வெறுங்காலோடு அந்த ஈரத்தில் நின்றபடி ஈரத்துண்டால் அவர் இடது கையைத் துடைத்தேன்.

விரல் நுனியிலிருந்து முழங்கை வரை சுரீர் என்றது.

கையை இழுத்துக்கொண்டேன். ஊசி கீசி குத்திவிட்டதா என்று துண்டைப் பிரித்துப் பார்த்தேன். மறுபடி அவர் கையில் ஒரு விரலை வைத்தேன். நூறு எறும்பு ஒரே சமயத்தில் ஊர்ந்தன. புறங்கையால் கட்டில் தடுப்பைத் தொட்டேன். அங்கே இன்னும் பலமாக இருந்தது.

நிமிர்ந்தபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுவாங்க?" என்றேன். "இதுதானா?"

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து முகமூடியின் ஓரத்தில் தேங்கியது. நான் பாய்ந்துபோய்ச் சளி மிஷினின் ப்ளக்கைப் பிடுங்கினேன். திரும்பி வந்து முகமூடியை விலக்கினேன்.

"போச்சா?"

"போச்சு" என்றார்.

நான் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கையை நகர்த்த முடியாத மனுஷன். மூன்று வாரம் அந்தக் கையை அந்த இரும்பின் மேல் எடுத்து வைத்தது நான்.

வாடகைக்காரருக்குப் போன் செய்தேன்.

"ஷாக்கா? சான்ஸே இல்ல மேடம். அது பேட்டரி மிஷின். உள்ள பன்னண்டு வோல்ட்டுதான். பேட்டரி எங்கயாவது ஷாக் அடிக்குமா?"

"கரண்ட் இல்லாத அன்னிக்குப் பேட்டரில இருந்தப்ப அடிக்கலைங்க. சார்ஜ் ஏறும்போதுதான் அடிக்குது. அப்ப அது வீட்டுக் கரண்ட்தானே?"

அவர் மிஷினின் நம்பரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். "நாளைக்கே வேற மிஷின் கொண்டாரேன் மேடம். அதுவரைக்கும் சார்ஜ் போடாதீங்க" என்றார்.

சார்ஜ் போடாவிட்டால் சளி எடுக்கிற நேரத்தில் மிஷின் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. நான் மிஷினைக் கட்டிலிலிருந்து கழற்றி அறையின் மறுமூலையில் மர ஸ்டூலில் வைத்தேன். கிட்டே யாரும் போகாத நேரத்தில் சார்ஜ் போட்டு, ப்ளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தொடுவது என்று வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் பிடுங்கினேனா, பிடுங்கினேனா என்று இரண்டு முறை பார்த்தேன். மூச்சு மிஷினைப் பார்த்தாலும் பயமாக இருந்தது. அதை நிறுத்தவும் முடியாது.

மத்தியானம் திருவானைக்காவலிலிருந்து எலக்ட்ரீஷியன் வந்தார். நாற்பது வயதிருக்கும். செருப்பை வாசலில் கழற்றியவர், விஷயத்தைக் கேட்டதும் திரும்பிப்போய் மாட்டிக்கொண்டு வந்தார். பையிலிருந்து ஒரு பல்பும் அதில் தொங்கும் இரண்டு ஒயரும் எடுத்தார். சுவர் ப்ளக்கின் கீழ் ஓட்டைகள் இரண்டிலும் ஒயர்களைக் கவனமாகச் செருகினார். பல்பு பளிச்சென்று எரிந்தது. பிறகு ஓர் ஒயரை எடுத்து, மேலே இருக்கும் பெரிய ஓட்டையில் செருகினார். பல்பு எரியவில்லை. அடுத்த அறையிலும் அப்படித்தான். சமையல்கட்டிலும் அப்படித்தான்.

"மூணாவது ஓட்டை சும்மா பேருக்கு இருக்குக்கா. எர்த்தே இல்ல."

"அது இல்லாட்டி என்னங்க?"

"இந்த மாதிரி இரும்புப் பெட்டில கரண்ட் கொஞ்சம் கசிஞ்சா, அந்த ஓட்டை வழியா மண்ணுக்குள்ள போயிடணும். இங்க போக வழி இல்ல. பெட்டிலயே நிக்குது. பெட்டி கட்டில்ல தொங்குச்சா, கட்டிலுக்கு வந்துருச்சு. நீங்க ரப்பர் செருப்பு போட்டிருந்ததால உங்களுக்குத் தெரியல." அவர் கட்டிலை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி இருந்த கணவரின் வலது கையில் பார்வை நின்றது. "சார் கை எப்பவும் இங்கதான் இருக்குமாக்கா?"

"ஆமாங்க. நான்தான் வச்சு விடுவேன்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இது ஈரச் சுவத்துல பதிச்ச கம்பி. அப்ப இந்தக் கையில ஏறி அந்தக் கை வழியா எறங்கிருக்கு. நடுவுல நெஞ்சு." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கசிவு கம்மிதான்க்கா. அதனாலதான் எறும்போட போச்சு. மிஷின் உள்ள ஒயர் முழுசாப் பெட்டியைத் தொட்டிருந்தா..." என்று நிறுத்தினார்.

நான் அந்தக் கையைக் கம்பியிலிருந்து எடுத்து அவர் வயிற்றின் மேல் வைத்தேன்.

எலக்ட்ரீஷியன் ஒயரைத் தொடர்ந்தபடி கீழே இறங்கிப் போனார். மெயின் பெட்டியிலிருந்து கொல்லைப்புறம் வரைக்கும் எர்த் கம்பி வந்தது. அங்கே புதிதாகப் போட்ட சிவப்பு டைல்ஸுக்கு அடியில் போய் மறைந்தது.

வீட்டுக்காரர் கீழ்ப் போர்ஷனில் இருந்தார். கோயில் கைங்கர்யத்தில் இருப்பவர், அறுபதைத் தாண்டியவர். என்னிடம் எப்போதும் மரியாதையாகப் பேசுவார்.

"இங்க ஒரு குழாய் நீட்டிண்டிருந்தது. டைல்ஸ் போடறவன், இது எதுக்கு சுவாமி, காலைத் தடுக்கறதுன்னான். சரி அறுத்துடுன்னேன்" என்றார். "அதுதானா?"

"அதுதாங்க சாமி" என்றார் எலக்ட்ரீஷியன். "டைல்ஸை ஒடச்சுப் புதுசா பைப் எறக்கணும்."

"இப்பவேவா? உற்சவத்துக்கு ஆத்துக்கு மனுஷா வரா. பத்து நாள் போகட்டுமே. அதுவரைக்கும் அந்த மிஷினைத் தொடாம..."

"மாமா, கொஞ்சம் மேல வாங்க" என்றேன்.

வந்தார். நான் ஒன்றும் விளக்கவில்லை. சளி மிஷினை ப்ளக்கில் செருகி, எலக்ட்ரீஷியனிடமிருந்த டெஸ்டரை வீட்டுக்காரரிடம் கொடுத்து அந்தப் பெட்டியில் வைக்கச் சொன்னேன். டெஸ்டரின் சின்ன விளக்கு ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. "மூணு வாரமா இவரு இதுல படுத்திருந்தாரு மாமா" என்றேன். அவர் டெஸ்டரைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார்.

"பெருமாளே" என்றார். "என் கையாலன்னா இது நடந்திருக்கு. நாளைக்குக் கார்த்தாலயே ஒடைச்சுடுங்கோ."

மறுநாள் காலை பத்து மணிக்கு வேலை ஆரம்பித்தது. மெயினை அணைக்க வேண்டும். மூச்சு மிஷின் பேட்டரியில் நான்கு மணி நேரம் ஓடும் என்று வாடகைக்காரர் சொல்லியிருந்தார். இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும் என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் மின்தடை அன்று பாதி தீர்ந்த பேட்டரி, பிறகு சரியாக ஏறவேயில்லையோ என்னவோ, முக்கால் மணி நேரத்தில் இரண்டு கோடு காணாமல் போனது. மூன்றாவதும் போய் ஒற்றைக் கோடு ஆனபோது மணி பதினொன்றேகால். கீழே அப்போதுதான் பைப்பை அடித்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் ஜன்னல் அதிர்ந்தது.

மிஷின் கத்த ஆரம்பித்தது. விட்டு விட்டு, மெல்லிய குரலில். முகமூடி இல்லாமல் நிமிர்த்தி உட்கார வைத்தால் அவர் பத்து நிமிஷம் தாங்குவார். அதற்கு மேல் உதடு நீலமாகும். நான் சமையல்கட்டு ஜன்னலுக்கு ஓடிக் கொல்லைப்பக்கம் பார்த்துக் கத்தினேன்.

"அண்ணே! பேட்டரி போகுது! மெயினைப் போடுங்க!"

"முடியாதுக்கா! எல்லா ஒயரையும் கழட்டிப் போட்டிருக்கேன். இருபது நிமிஷம்!"

"இருபது நிமிஷம் தாங்காதுங்க!"

வீட்டுக்காரர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடியதைப் பார்த்தேன். உற்சவ நாட்களில் வாசலில் சீரியல் விளக்குப் போடும் நீள ஒயர் சுருளை எடுத்து, எதிர்வீட்டுத் தையல்கடையில் ஒரு முனையைக் கொடுத்துவிட்டு, மறுமுனையோடு மாடியேறி வந்தார். மூச்சு வாங்கியது. "இந்தாங்கோ. செருகுங்கோ."

நான் அந்த ஒயரைப் பார்த்தேன். இரண்டு ஓட்டைதான் இருந்தது. மூன்றாவது இல்லை.

மிஷின் இடைவெளி விடாமல் கத்தத் தொடங்கியது. என் கையில் மூச்சு மிஷினின் அடாப்டர். அவர் முகமூடிக்குள்ளிருந்து என்னைப் பார்க்கிறார். செருகினால் மூச்சு வரும். மூச்சோடு என்ன வரும் என்று தெரியவில்லை. வீட்டுக்காரர், "என்னம்மா யோசிக்கறேள்?" என்று கத்துகிறார். என் கை நகரவில்லை. வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி நின்றதில்லை.

எலக்ட்ரீஷியன் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே வந்தார். மண் கையை லுங்கியில் துடைத்துவிட்டு அடாப்டரை வாங்கிப் புரட்டினார். அதில் பொடியாக அச்சடித்திருந்த ஒரு குறியைக் காட்டினார். சதுரத்துக்குள் இன்னொரு சதுரம்.

"இது ரெண்டு அடுக்குப் பாதுகாப்பு போட்டதுக்கா. மிஷினும் பிளாஸ்டிக். இதுக்கு எர்த் தேவையில்ல. போடுங்க. ஆனா அந்தச் சளி மிஷினை மட்டும் இதுல செருகிறாதீங்க."

போட்டேன். சத்தம் நின்றது. மிஷின் பழையபடி உஸ்ஸென்று இழுத்து விட்டது. அவருடைய நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரர் வாசற்படியிலேயே உட்கார்ந்து கும்பிட்டார்.

மத்தியானம் ஒரு மணிக்குள் வேலை முடிந்தது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் ஊர், தோண்டிய இடமெல்லாம் ஈர மணல்; பைப் நன்றாக இறங்கிவிட்டது என்றார் எலக்ட்ரீஷியன். கரியும் உப்பும் போட்டு மூடினார். மெயினில், கரண்ட் கசிந்தால் தானாக அணைந்துவிடும் ஒரு சுவிட்சும் வைத்தார். பல்பை மூன்றாவது ஓட்டையில் செருகினார். பளிச்சென்று எரிந்ததும் அந்தப் புது சுவிட்ச் படக்கென்று விழுந்தது. "பாத்தீங்களா, இப்படித்தான் விழணும்" என்று முதல் தடவையாகச் சிரித்தார். சாயங்காலம் வாடகைக்காரர் வேறு மிஷினோடு வந்தார். அதுவும் இரும்புப் பெட்டிதான். அதையும் கட்டிலில் மாட்டாமல் ஸ்டூலில்தான் வைத்தேன்.

சில நாள் கழித்து, உட்கார வைத்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன். "என் மேல கோவமாங்க?"

அவர் யோசித்தார். "நீ நம்பலைன்னு... கோவம் இல்ல. எனக்கே... நம்பிக்கை வரல" என்றார்.

அந்தப் பதில் எனக்கு ஆறுதலாக இல்லை. இன்றைக்கும் இல்லை.

அதன் பிறகு பத்து மாதம் இருந்தார். நோய் தன் வேலையைச் செய்து முடித்தது. ஒரு பங்குனி மத்தியானம், நான் பக்கத்தில் இருக்கும்போதே போனார். மிஷின்கள் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன.

வாடகைக்காரர் சாமான்களை எடுத்துப்போக வந்தபோது, அடுத்து இவை எங்கே போகும் என்று கேட்டேன். துறையூர்ப் பக்கம் ஒரு வீட்டில் கேட்டிருக்கிறார்கள் என்றார். அவர் கட்டிலைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சளி மிஷினின் முதுகில் ஒட்டினேன். 'சார்ஜ் போடும் ப்ளக்கில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். கட்டிலில் மாட்டாதீர்கள். நோயாளி ஊருது என்று சொன்னால் நம்புங்கள்.' கீழே என் போன் நம்பர். அவர் பார்த்தார். கிழிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, நான் பாலக்கரை ஆபீசில் அட்மிஷன் வேலையில் மூழ்கியிருந்தபோது போன் வந்தது. தெரியாத நம்பர். ஒரு பெண் குரல், தயங்கித் தயங்கி.

"அக்கா, மிஷின்ல ஒரு சீட்டு ஒட்டியிருந்துச்சுங்க. எங்க மாமியாருக்கு வாடகைக்கு எடுத்திருக்கோம். எர்த்துன்னா என்னங்கக்கா? எங்க வீட்ல கரண்ட் நல்லாத்தான் வருது."

"மிஷின் எங்க இருக்குங்க இப்ப?"

"கட்டில்லதான். கைக்கு வாகா மாட்டி வச்சிருக்கோம்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். வரிசையில் நின்ற பெற்றோர்கள் என்னைப் பார்த்தார்கள்.

"இருங்க. முதல்ல காலுக்குச் செருப்புப் போட்டுக்கங்க. போட்டுட்டீங்களா? இப்ப போய் ப்ளக்கைப் பிடுங்குங்க. நான் லைன்லயே இருக்கேன்."